வலது தோள், இடது கண்

ஹாலிஸ் கிரிண்டிலுக்கு வருஷா வருஷம் வேட்டை உரிமம் எழுதிக் கொடுத்தது நான்தான். டன் கார்னர் ஊராட்சி அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் எழுத்தராக இருந்தேன். நாய்க்கு உரிமம், படகுக்கு உரிமம், கல்யாணத்துக்கு உரிமம், மானுக்கும் கௌதாரிக்கும் உரிமம், எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். உயரம் ஐந்தடி நாலு அங்குலம், முடி பழுப்பு, கண்கள் நீலம் என்று நான் எழுதுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

உருளைக்கிழங்குக் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் மெக்கானிக். கிழங்கு தோண்டும் இயந்திரங்கள் அறுவடை நாட்களில்தான் படுத்துக்கொள்ளும். அப்போது ஊரில் பாதிப் பேர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், மீதிப் பேர் அவரைத் திட்டுவார்கள். துப்பாக்கி என்று ஒன்று வைத்திருந்தார். இரும்புக் கடையில் வாங்கியது. லாரி சீட்டுக்குப் பின்னால், பேட்டரி வயருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் கிடக்கும். அவருக்கு அது இன்னொரு ஸ்பேனர். சாயங்காலம் இரைப்பைக்குச் சரளை பொறுக்கச் சாலை ஓரத்துக்குக் கௌதாரி வரும். லாரியை நிறுத்தி, இறங்கி, அது உட்கார்ந்திருக்கும்போதே சுட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு பறவை, அவ்வளவுதான் கணக்கு.

கூடவே போகிறவர் ரோசேர் மிஷோ. ஹாலிஸின் மனைவி அடேலுக்கு அண்ணன். இருநூறு ஏக்கரில் கிழங்கு போடுகிறவர். ஆறடிக்கு மேல் உயரம், குரல் அதைவிட உயரம். அக்டோபர் மாதச் சனிக்கிழமைகளில் இருவரும் ஒரே லாரியில் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாநிலத்தில் வேட்டை கூடாது. அன்றைக்கு ரோசேர் பூசைக்கும், ஹாலிஸ் தூங்கவும் போவார்கள். இருபத்தெட்டு வருஷம் இப்படி ஓடியது.

1986 ஏப்ரலில் ரோசேரின் கொட்டகையில் அது நடந்தது. இயந்திரத்தின் அச்சாணி ஒன்று துருப்பிடித்து இறுகிவிட்டது. ஹாலிஸ் உளியை வைத்துப் பிடித்தார், ரோசேர் சம்மட்டியால் அடித்தார். மூன்றாவது அடியில் உளியின் தலையிலிருந்து குருணை அளவுக்கு ஒரு எஃகுத் துண்டு தெறித்து ஹாலிஸின் வலது கண்ணுக்குள் போய்விட்டது. மூன்று மணி நேரம் லாரியை ஓட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட்டார்கள். அப்புறம் கண்ணாடிக் கண் வைத்தார்கள். நிறம் நன்றாகவே பொருந்தியிருந்தது.

அதற்குப் பிறகு ரோசேர் தங்கை வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. சண்டை எதுவும் இல்லை. கிழங்கு மூட்டையோ பூசணியோ கொண்டு வருவார். வாசலில் லாரியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். அடேல் வெளியே வந்து வாங்கிக்கொள்வாள். இன்ஜினை அணைக்க மாட்டார்.

“உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போயேன்” என்பாள் அடேல்.

“வேலை கிடக்கு, அடேல்.”

“ஜனவரியில உனக்கு என்ன வேலை? பனியை எண்ணப் போறியா?”

ரோசேர் ரிவர்ஸ் எடுத்துப் போய்விடுவார்.

அந்த வருஷம் அக்டோபரில் ஹாலிஸ் இடது தோளில் வைத்துச் சுட்டுப் பார்த்தார். ஒரு கண்தான் இருக்கிறது, அது இடது கண், ஆகவே துப்பாக்கியும் இடது தோளுக்குப் போக வேண்டும் என்பது சரியான கணக்குத்தான். ஆனால் ஐம்பத்தைந்து வயது உடம்புக்கு அந்தக் கணக்கு ஏறவில்லை. பறவை எழும்பின சத்தம் காதில் விழுந்ததுமே கை தானாகத் துப்பாக்கியை வலது தோளுக்குக் கொண்டு போய்விடும். அங்கே பார்க்கக் கண் இல்லை. அதை உணர்ந்து இடது பக்கம் மாற்றுவதற்குள் பறவை பக்கத்து ஊருக்குப் போயிருக்கும். நாலு சனிக்கிழமை பார்த்தார். ஐந்தாவது சனிக்கிழமை போகவில்லை. துப்பாக்கியை ஒன்றுவிட்ட தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த செப்டம்பரில் என் மேஜைக்கு வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வர மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

1988 ஜூலையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாக்டர் டோசியர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். டாக்டர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. வாரிசுகள் எல்லாம் தெற்கே எங்கோ இருந்தார்கள். நானும் போயிருந்தேன், ஒரு பீங்கான் ஜாடியில் எனக்குக் கண் இருந்தது. அடேல் ஊறுகாய் பாட்டில்களுக்காக வந்திருந்தாள். ஹாலிஸ் ஒரு பட்டறை இடுக்கிக்காக வந்தார்.

புல்தரையில் போட்டிருந்த நீள மேஜையில் ஏழு துப்பாக்கிகள். ஆறு விலை போய்விட்டது. ஏழாவது ஒரு பழைய இரட்டைக்குழல். சுடுவதற்கு முன் கட்டைவிரலால் இழுத்துவிடும் குதிரைகள் இரண்டும் வெளியே காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. தோளில் வைக்கிற கட்டை மட்டும் கோணல். விசைக்குப் பின்னால் கைப்பிடி வருகிற இடத்தில் மரம் வலது பக்கமாக ஒரு வளைவு எடுத்து, மூன்று அங்குலம் தள்ளிப் போய், அங்கிருந்து நேராக நீண்டது. மழையில் கிடந்து முறுக்கிக்கொண்ட கதவுச் சட்டம் மாதிரி இருந்தது.

ஏலக்காரர் அதைத் தூக்கிக் காட்டினார். “மூலைக்கு அந்தப் பக்கம் நிக்கிற கௌதாரியைச் சுட இதை விட்டா வேற கிடையாது. யார் வேணா கேளுங்க. வெட்கப்படாதீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், “பொண்டாட்டிக்குத் தெரியாம சுட வசதி!” என்றார். அதற்கும் சிரிப்பு.

ஹாலிஸ் மேஜைப் பக்கம் நின்றிருந்தார். சும்மா பார்க்கத்தான் கையில் வாங்கினார். பழக்கத்தில் அது வலது தோளுக்குப் போயிற்று. கன்னம் கட்டையில் படிந்தது. அப்படியே நின்றுவிட்டார். கீழே இறக்கினார். மறுபடியும் தூக்கினார். மறுபடியும் இறக்கினார். மூன்றாவது தடவை தூக்கியபோது வாய் லேசாகத் திறந்திருந்தது.

கட்டை வலது தோளில். குழல் இரண்டும் இடது கண்ணுக்கு நேர் எதிரே. கட்டை வளைந்திருந்தது அதற்காகத்தான்.

ஒரு ஆள் உதிரிப் பாகத்துக்காக நாற்பது டாலர் கேட்டான். ஹாலிஸ் கையைத் தூக்கவில்லை. கேட்கவே தோன்றவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். பாட்டில் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த அடேல்தான், “அறுபது!” என்று கத்தினாள். ஏலக்காரர் அவளைப் பார்த்தார்.

“அம்மா, இது கோணல்னு தெரியும்ல? அப்புறம் திருப்பிக் கொண்டு வரக் கூடாது.”

“என் புருஷனும்தான் கோணல். முப்பது வருஷமா திருப்பிக் கொண்டுபோய் விடலையே. சுத்தியலைத் தட்டுங்க.”

தட்டிவிட்டார்.

துப்பாக்கி சீர்செய்யும் எல்வுட் பைக் என்பவரிடம் மறுநாளே கொண்டு போனார்கள். எல்வுட் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை வைத்திருந்தார். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சேர்த்து அடித்த பழங்காலத்துக் குழல். மேலே தண்ணீரில் கல் விழுந்த மாதிரி வளையம் வளையமாகக் கோலம். உள்ளே அளவுகோலை விட்டுக் கனம் பார்த்தார். தட்டிப் பார்த்தார். மணி மாதிரிச் சத்தம் வந்தது.

“யாரோ ஒத்தைக் கண்ணுக்காரருக்குச் செஞ்சது” என்றார் எல்வுட். “வளைஞ்சு போனதில்ல. வளைச்சுச் செஞ்சது. நான் கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததில்ல.”

“சுடலாமா?”

“கடைத் தோட்டா போட்டா குழல் கிழிஞ்சு மிச்சக் கண்ணும் போயிடும். பழங்காலத்துக் கருமருந்துக்கு வேகம் கம்மி, அதுன்னா சுடலாம். தோட்டாவை நீங்களே அடைச்சுக்கணும்.”

குதிரைகளுக்குப் பின்னால் கட்டையில் ஒரு சின்ன வெள்ளித் தகடு. அதில் எல்.டி. என்று இரண்டு எழுத்து. டாக்டரின் அப்பாவாக இருக்கும் என்றார் ஹாலிஸ். மரம் வெட்டப் போன இடத்தில் கிளை குத்தியிருக்கும், அல்லது சண்டைக்குப் போயிருப்பார் என்று அவராகவே ஒரு மனிதரை உண்டாக்கிக்கொண்டார். டாக்டர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவரிடம் போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. எல்.டி. என்பது லவீனியா டோசியர். டாக்டருக்கு அத்தை முறை. கல்யாணம் ஆகவில்லை, பியானோ சொல்லிக் கொடுத்தவர். ஆறு வயதில் அம்மை போட்டு வலது கண் போய்விட்டது. தன் பங்குக்கு வந்த நிலத்தில் ஒரு துண்டை விற்று, ஆளை வரவழைத்து, தோளையும் கழுத்தையும் கன்னத்தையும் அளவெடுக்கச் சொல்லிச் செய்வித்த துப்பாக்கி அது. அறுபத்தெட்டு வயது வரை ஒவ்வொரு இலையுதிர்காலமும் காட்டுக்குப் போயிருக்கிறார்.

“அதான் கட்டை குட்டையா இருக்கு” என்றார் ஹாலிஸ். அவர் உயரத்துக்கு அது கச்சிதமாக இருந்தது. ஒரு பெண்ணுக்கு வைத்த அளவு தனக்குச் சரியாக இருப்பதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

தோட்டா அடைப்பது சமையலறை மேஜையில் நடந்தது. காலி உறைகள், மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு, கருமருந்து, அட்டை வில்லை, ஈய ரவை என்று வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு, பித்தளைக் கரண்டியால் அளந்து அளந்து போடுவார். அந்த மருந்து சுட்ட பிறகு அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். துப்பாக்கியை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நாளில் குழல் அரித்துவிடும்.

“என் பாத்திரம் தேய்க்கிற தொட்டியில துப்பாக்கியைக் குளிப்பாட்டுறது உலகத்திலேயே நீங்க ஒருத்தர்தான்” என்பாள் அடேல்.

“நீதானே வாங்கிக் கொடுத்தே.”

“பாட்டில் வாங்கப் போன இடத்துல புத்தி கெட்டுப் போச்சு.”

அக்டோபர் முதல் சனிக்கிழமை தனியாகப் போனார். கைவிட்டுப் போன ஆப்பிள் தோட்டம் ஒன்று உண்டு, உதிர்ந்த பழத்துக்குக் கௌதாரி வரும். முன்பெல்லாம் லாரியிலிருந்து இறங்காமலே பார்ப்பார். அன்றைக்கு நடந்து போனார். ஒரு பறவை காலடியிலிருந்து டமாரம் அடித்த மாதிரி எழும்பியது. வலது தோளுக்குத் துப்பாக்கி போனதும், கட்டைவிரல் குதிரையை இழுத்ததும், இடது கண் பறவையைப் பிடித்ததும் தான் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. சுட்டார். வெள்ளைப் புகை தோட்டத்தையே மூடியது. பறவை விழுந்ததா போயிற்றா என்று தெரியவில்லை. கருமருந்தில் சுட்டால் அப்படித்தான், புகை கலையும் வரை காத்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றார். கலைந்தது. பறவை ஒரு வேலிக்கம்பத்தின் அடியில் கிடந்தது.

இதை அவர் என்னிடம் சொன்னது அடுத்த வருஷம் உரிமத்துக்கு வந்தபோது. வழக்கமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள் அன்று கால்மணி நேரம் பேசினார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

“இடது கைக்காரங்களுக்குன்னே புதுசா துப்பாக்கி வருதாமே, ஹாலிஸ். அதை வாங்கிப் பழகியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“புதுத் துப்பாக்கி யாருக்கு வேணும்னாலும் செஞ்சதுங்க. நான் போய் அதுல பொருந்திக்கணும். இது ஒரே ஒருத்தருக்குச் செஞ்சது. அந்த ஒருத்தர் மாதிரி நானும் ஆயிட்டேன். அவ்வளவுதான்.”

கண்கள் நீலம் என்று எழுதப் போனேன். “ஒண்ணு கண்ணாடி, அதையும் எழுதிக்கோங்க” என்றார். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

அவர் மாறித்தான் போனார். உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடுவதை விட்டுவிட்டார். சாலையில் பத்தடி தூரத்தில் கௌதாரி நின்றாலும், லாரியை மெதுவாக ஓட்டி அது ஒதுங்கும் வரை பொறுத்துப் போவார். “அந்தம்மா இதை அதுக்காகச் செய்யச் சொல்லல” என்பார். இரண்டே தோட்டா, அதற்கு மேல் துப்பாக்கியில் இடம் இல்லை. முன்பு ஒரு பருவத்துக்கு நாற்பது பறவை அடித்தவர் இப்போது ஒன்பது, பத்து. உணவு விடுதியில் காலையில் பீன்ஸும் முட்டையும் சாப்பிட வருகிறவர்கள் சும்மா விடவில்லை.

“ஹாலிஸ், நேத்து உன் புகையைப் பார்த்துத் தீயணைப்பு வண்டி கிளம்பிடுச்சாமே!”

“வந்தாங்க. கறி வெந்திருச்சான்னு கேட்டுட்டுப் போனாங்க.”

“அந்தக் கொக்கியை வெச்சு என்ன பண்றே, சுடுறியா, மீன் பிடிக்கிறியா?”

“உன் லாரி நின்னுபோனா அதை மாட்டித்தான் இழுக்கணும். அதுவரைக்கும் சுட்டுக்கறேன்.”

இரண்டாவது பருவம் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஹாலிஸ் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரோசேரின் பண்ணைக்குப் போனார். அடேலும் கூடப் போயிருந்தாள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரோசேர் கிழங்குக் கிடங்கின் வாசலில் நின்றிருந்தார். மூன்று வருஷமாகத் தங்கை புருஷனின் முகத்தை நேராகப் பார்க்காத மனிதர், அன்றும் ஹாலிஸின் சட்டைப் பொத்தானைத்தான் பார்த்தார்.

“இதைப் பிடிச்சுப் பாரு, மச்சான்.”

“எனக்கு எதுக்கு மாப்ள? நான் வேட்டையை விட்டு ரொம்ப நாளாச்சு.”

“சுடச் சொல்லல. தோள்ல வெச்சுப் பாருன்னுதான் சொல்றேன். காலியாத்தான் இருக்கு.”

ரோசேர் வாங்கி வலது தோளில் வைத்தார். முகத்தை இப்படி அப்படித் திருப்பினார். ஒரு கண்ணை மூடினார், இன்னொரு கண்ணை மூடினார். கட்டையில் கன்னத்தை அழுத்தினார், தூக்கினார்.

“எழவு, ஒண்ணுமே தெரியலயே. குழல் எங்கயோ போகுது, நான் எங்கயோ பாக்கறேன்.”

“தெரியாது. உனக்குக் கண்ணு ஒண்ணு ஜாஸ்தி.”

ரோசேர் துப்பாக்கியை இறக்கினார். ரோசேருக்கு முதலில் முகம் வெளுத்தது. பிறகு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து, சட்டைக் கையால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். ஹாலிஸ் துப்பாக்கியை மறுபடி துணியில் சுற்றினார்.

“நாளைக்கு ஆறு மணிக்கு வர்றேன். காபி நீ கொண்டு வா.”

அன்று சாயங்காலமே ரோசேர் என் அலுவலகத்துக்கு ஓடி வந்தார். நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். திரும்பத் திறந்து உரிமம் எழுதினேன்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போயின. பாஸ்டன் பக்கத்திலிருந்து பழைய துப்பாக்கிகள் சேர்க்கிற ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்து பார்த்தார். கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டிய பொருள் என்றார். நல்ல விலை சொன்னார். ஹாலிஸ் அவருக்குக் காபியும் ப்ளோயும் கொடுத்து அனுப்பினார். அடேல் அம்மா வீட்டுப் பழக்கத்தில் சுடுகிற அப்பம் அது, ஒரு பக்கம் மட்டும் வேகும். அந்த மனிதர் ஆறு தின்றார். போனபின் வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார், ஒவ்வொன்றிலும் விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

1993 அக்டோபரில் ஹாலிஸும் ரோசேரும் ஒரு ஓடையைக் கடந்துகொண்டிருந்தார்கள். மரம் கொறிக்கும் பீவர் கட்டிய அணை, மேலே நடக்கலாம், ஆனால் கட்டைகள் வழுக்கும். ஹாலிஸுக்குத் தூரம் கணிப்பதில் எப்போதும் கொஞ்சம் தடுமாற்றம், ஒரு கண் பார்வை அப்படித்தான். ஆகவே இரண்டு துப்பாக்கிகளையும் தோட்டா எடுத்து ரோசேரிடம் கொடுத்துவிட்டு, கைகளை விரித்துக்கொண்டு முன்னால் போய்க் கரையேறினார். ரோசேர் பின்னால் வந்தார். நடு அணையில் கால் சறுக்கியது. அவருடைய துப்பாக்கி தண்ணீரில் போயிற்று. ஹாலிஸின் துப்பாக்கி பாறையில் அடித்தது. வளைவு வருகிற இடத்தில், மரம் மெலிந்த இடத்தில், கட்டை இரண்டாகப் போய்விட்டது.

ரோசேர் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். கையில் குழல், மடியில் கட்டை.

“மறுபடியும் நானா?” என்றார். “மாப்ள, மறுபடியும் நானேவா?”

“முதல்ல எழுந்திரு. சளி பிடிச்சுச் செத்துத் தொலைஞ்சா உன் தங்கச்சிக்கு யார் பதில் சொல்றது?”

எழுந்து வந்தார். ரோசேர்தான் லாரியை ஓட்டினார். வீட்டு வாசலில் ஹாலிஸ் இறங்கியபோது ரோசேர் இன்ஜினை அணைக்கவில்லை. ஹாலிஸ் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “உள்ள வா” என்றார். ரோசேர் வந்தார்.

எல்வுட் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். ஒட்டலாம், உள்ளே எஃகு ஆணி வைக்கலாம், மேலே ஈரத்தோல் சுற்றித் தைத்துக் காயவிட்டால் இறுகிக்கொள்ளும். சில வருஷம் தாங்கும். புதுக் கட்டை வேண்டுமானால் நேர்ப் பலகையில் வெட்டக்கூடாது, ரேகை வளைவோடு ஓடுகிற மரம் வேண்டும்.

“அந்த மாதிரி மரம் எங்க கிடைக்கும்?” என்று கேட்டது ரோசேர்.

“மலைச்சரிவுல. கன்னு வயசுல பனி அழுத்தி அடிமரம் வளைஞ்சிருக்கும்.”

அந்தப் பருவம் முடிந்தது. தோல் சுற்றிய கட்டையைப் படம் எடுத்து ஹாலிஸ் பாஸ்டன்காரருக்கு அனுப்பினார். அத்தோடு கடிதம் நின்றது. கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கூட வரவில்லை.

பிப்ரவரியில் ரோசேர் என் மேஜைக்கு வந்தார். வடக்குச் சரிவில் எந்த நிலம் யாருடையது என்று வரைபடத்தில் பார்க்க வேண்டுமாம். அவர் கோட்டுக்குள் ஒரு அட்டை இருந்தது. உடைந்த கட்டையை வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டிய அட்டை. அதை எடுத்துக்கொண்டு, காலில் பனிச்செருப்பு கட்டி, மூன்று வாரம் சரிவு சரிவாக நடந்தார். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் பனியைத் தோண்டி அட்டையை வைத்துப் பார்ப்பார். ரோசேருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் காதில் விழும்படியாகவும் பேசினார்கள்.

“ரோசேர், மரத்துக்குச் சட்டை தைக்கிறியா?”

“ஆமா. உனக்கும் அளவு எடுக்கணுமா? மண்டை மரம்தானே.”

கடைசியில் கிடைத்தது அவருடைய சொந்த நிலத்திலேயே, ஒரு மேப்பிள் மரம். அட்டை அதில் விரலளவு பிசகாமல் உட்கார்ந்தது. வெட்டி, பிளந்து, எல்வுட்டிடம் தூக்கிக்கொண்டு போனார்.

“நல்ல மரம். மூணு வருஷம் காயணும்” என்றார் எல்வுட்.

“மூணு வருஷமா! அதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் காஞ்சிடுவோம்யா.”

“மரம் காயறதுதான் முக்கியம்.”

ரோசேர் வீட்டுப் பரணில் அது மூன்று வருஷமும் இன்னும் சில மாதமும் காய்ந்தது. மாதம் ஒரு தடவை ஏறிப் போய்த் தராசில் நிறுத்துப் பார்ப்பார். எடை குறைவது நின்றதும் எல்வுட் வேலையைத் தொடங்கினார். 1997 செப்டம்பரில் கட்டை தயாரானது. கறுத்துப்போன குழலுக்குப் பக்கத்தில் வெண்ணெய் நிறத்தில் மேப்பிள், பார்க்க நன்றாக இல்லை. வாதுமைச் சாயம் போடட்டுமா என்று எல்வுட் கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார் ஹாலிஸ். வெள்ளித் தகட்டை மட்டும் பழைய கட்டையிலிருந்து எடுத்துப் பதிக்கச் சொன்னார். உங்கள் எழுத்தைப் போடவில்லையா என்றதற்கு, “நான் இதைச் செய்யச் சொல்லலையே” என்று பதில் வந்தது.

அந்தக் கட்டையோடு பதினோரு பருவம் சுட்டார். ரோசேர் 2004-இல் மாரடைப்பில் போனார், கிழங்கு வயலில், டிராக்டர் மேலேயே. அதற்குப் பிறகு ஹாலிஸ் தனியாகத்தான் போனார். போகாத சனிக்கிழமைகளும் இருந்தன. 2008 பிப்ரவரியில் நுரையீரலில் சளி கட்டி, பத்து நாள் படுத்து, இறந்துபோனார். வயது எழுபத்தேழு.

துப்பாக்கியை என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்டார்கள். இரண்டு மகன்கள், இருவருக்கும் இரண்டிரண்டு கண். நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான் பெரியவன். சுவரில் மாட்டத்தானா என்று கேட்டாள் அடேல். ஒரு வருஷம் கழித்து அவள் வாராந்தரப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். அதை எழுதிக் கொடுத்தது நான். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். ‘பழைய இரட்டைக்குழல். வலது கண் இல்லாதவர்களுக்கு மட்டும்.’

பதினோரு பேர் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். விலை என்ன, யார் செய்தது, எந்த வருஷம் என்று ஆரம்பிப்பார்கள். அடேல் குறுக்கிடுவாள்.

“ஐயா, உங்களுக்குக் கண்ணு எத்தனை?”

“என்னங்க இது கேள்வி? ரெண்டுதான்.”

“அப்ப உங்களுக்கு இது ஒத்துவராது. வெச்சிடுங்க.”

பத்துப் பேர் அப்படிப் போனார்கள். பதினோராவது ஒரு பெண். பெயர் கோரின் பீல். கடற்கரைப் பக்கம், நண்டுப் படகு ஓட்டுகிறவள், நாற்பது வயது இருக்கும். இறுகின கயிறு அறுந்து முகத்தில் அடித்ததில் வலது கண் போயிருக்கிறது. ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் நின்று துப்பாக்கியை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். அவள் உயரமான பெண், கட்டை அவளுக்குக் கொஞ்சம் குட்டை. ரப்பர் அட்டை வைத்து நீட்டிக்கொள்ளலாம் என்று அவளே சொன்னாள். விலை பேசி முடிந்தது. பிறகு சமையலறையில் உட்கார்ந்து, மருந்து எவ்வளவு, ரவை எவ்வளவு, எப்படிக் கழுவுவது என்று கேட்டாள். ஹாலிஸ் எதையும் எழுதி வைத்ததில்லை. அடேல் மேஜையைத் துடைத்துவிட்டு, பித்தளைக் கரண்டியை எடுத்து, ஒரு தோட்டாவை முதலிலிருந்து கடைசி வரை அடைத்துக் காட்டினாள். நானும் அங்கேதான் இருந்தேன். அவள் கை ஓரிடத்திலும் தயங்கவில்லை.

டிசம்பரில் கோரினிடமிருந்து ஒரு அட்டை வந்தது. முதல் பருவத்தில் பதினாலு தடவை சுட்டாளாம், ஒன்றும் விழவில்லையாம். ஒவ்வொரு தடவையும் புகை கலையும் வரை நின்று பார்த்தேன் என்று எழுதியிருந்தாள். அடுத்த வருஷம் இன்னும் சீக்கிரம் தொடங்கப் போவதாகவும், கேப்பு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்றும் கேட்டிருந்தாள். அடேல் அன்றைக்கே பதில் எழுதினாள்.